பதினோராவது பாட்டு

ஆடி மாசத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிந்தோம்.
சமாதானபுரம், சைக்கிள் கடை மாடி,
முட்டை அட்டை ஒட்டிய அறை.
மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று
அதை நிறுத்திவிட்டு
காஜா ஹெட்போனுக்குள் போய்விட்டான்.
மேலே தகரத்தை ஆடிக்காற்று
பிறாண்டிக்கொண்டே கிடந்தது.
குளிரும் கொட்டிலும் வருகிற வரியில்
ஜெமிமாவின் மேலுதட்டில் வேர்வை.

பகலில் அவள் எக்ஸ்ரே எடுப்பாள்.
மூச்சைப் பிடிங்க, விடுங்க என்று
அறுபது பேரிடம் சொல்லி முடித்த குரல்தான்
சாயங்காலம் எங்களுக்கு.
சொரிமுத்தையனைப் பார்த்துவிட்டு
நெற்றி நீறு அழியாமல் வந்து
டிரம்ஸ் முன்னால் உட்காருவான் இசக்கிப்பாண்டி.
கிதார், வின்ஸ்லோ. பேஸ், நான்.
'கடைசி டவுன் பஸ்' என்பது குழுவின் பெயர்,
அதை ஒருநாள்
நாலு பேரும் சேர்ந்து தவறவிட்டதால்.

பத்துப் பாட்டு ஒழுங்காக வந்தது.
கப்பலில் வந்த ராகம், களத்துமேட்டு ராகம்,
எல்லாமே காதில் விழும் டிக்-டிக்குக்கு
அடங்கி நடந்தன.
பதினோராவதுதான் முரண்டு.
பெயரைச் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.
ரெண்டாம் அடி முடிந்ததும்
இந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும்
ஓரிடத்தில் நிற்பார்கள்.
பாட்டுப் புத்தகத்தில் அங்கே
ஒரு கால்புள்ளிகூடக் கிடையாது.

"ஏன்ட்டி நிக்க?"
"நிக்கலியே."
"நிக்க. கேட்டுப் பாரு."
"பாட்டே அப்படித்தாம்ல."

மேய்ப்பர்கள் திகைத்து நின்ற நேரம் அது
என்றான் வின்ஸ்லோ, பிரசங்கியார் மகன்.
"திகைப்பு எத்தனை எண்ணிக்கைல?
அதைச் சொல்லு, நான் அடிக்கணும்"
என்றான் இசக்கி.
ஜெமிமா தண்ணீர் குடித்தாள்.
"நான் நம்புதேனா இல்லையாங்கது வேற.
வாய்க்குத் தெரியுது. நிக்குது."

டிக்-டிக்கை அணைத்தோம்.
'திகைப்பு: 4' என்று
காஜா தாளில் எழுதிக்கொண்டான்.
அந்த நாலுக்குள் புகுந்துவிட்ட
தகரச் சத்தத்தை
அவன் வெட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஆல்பம் வந்தது.
வின்ஸ்லோவின் பெரியம்மா மகன்
தம்மாமில் கேட்டானாம்.
டீக்கடையில் போடச் சொல்லிக் கொடுத்தோம்,
வாங்கி ரேடியோ மேல் வைத்தார்,
இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

டிசம்பர் இருபத்துமூன்று, ராத்திரி ஒன்றரை,
விட்டு விட்டு மழை.
மாடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம்.
லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர்,
அதன்மேல் நட்சத்திரம்,
நனைந்து பாதியாய் இளைத்த பஞ்சுத்தாடி,
பின்னால் முப்பது குடை.
எதிர்வீட்டு வாசலில் எடுத்தார்கள் அதே பாட்டை.
ரெண்டாம் அடி முடிந்தது.
நின்றார்கள்.
உள்ளே லைட்டு. நாய். வாரேன் வாரேன்.
செருப்பு. சாவி. தாழ்ப்பாள்.
இரும்பு கேட் கிரீச்சென்று திறக்க
மூன்றாம் அடி உள்ளே நடந்துபோனது.

இசக்கி ஸ்டிரைக்கரைப் பிடித்தபடி
விரல் மடக்கினான்.
"பதினேழு.
ஏல வின்ஸ்லோ, உன் மேய்ப்பம்மாரு
கேட்டு தொறக்கத்தாம்ல நின்னுருக்காவ."
வின்ஸ்லோ எதுவும் பேசவில்லை.

அடுத்த வீட்டில் ஆறு.
அதற்கடுத்தது புது வீடு,
கேட்டும் கிடையாது, சுவரும் கிடையாது,
வீட்டுக்காரர் முன்னாலேயே எழுந்து
குடையோடு நிற்கிறார்.
அங்கேயும் நின்றார்கள்.
எதற்கு என்று யாருக்கும் தெரியாமல்
மழை மட்டும் குடைகளில் விழுந்தது.
"இது எதுக்கு?" என்றாள் ஜெமிமா,
யாரிடமும் இல்லை.

பிறகு சைக்கிள் கடை ஷட்டருக்கு வந்தார்கள்.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
கீழே ஓடினான் இசக்கி.
நாங்கள் படிக்கட்டில்.
ரெண்டாம் அடி முடிந்தது.
ஷட்டரில் கை வைத்துக் குனிந்தவன்
தூக்கவில்லை.
உதடு மட்டும் அசைந்தது,
ஒண்ணு,
ரெண்டு,
மூணு,

தூக்கினான்.

பஞ்சுத்தாடிக்காரர் ஆளுக்கொரு மிட்டாய் தந்தார்.
காகிதம் ஊறி
மிட்டாயோடு ஒட்டியிருந்தது.